களைத்த பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் பொதுத்தேர்வுப் பக்கத்தில், "படித்துக் களைத்தால் ஒரு டம்ளர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுங்கள், மூளை மறுபடி ஓடும், மனக்களைப்பு என்பது பாதி சோம்பல்தான்" என்று அச்சாகியிருக்கிறது. உடலியல் கற்பித்தவன் என்ற முறையில் அந்த வரியைக் கடந்துபோக முடியவில்லை.

தாங்கள் அறியாததல்ல. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வுநேரச் செலவில் சுமார் 20 சதவீத ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. சும்மா இருந்தாலும் தொகைநுண்கணிதம் போட்டாலும் அந்தச் செலவு பெரிதாக ஏறுவதில்லை. ரத்தச் சர்க்கரை இறங்கப் பார்த்தால் கல்லீரல் தன் இருப்பை விட்டுச் சரிக்கட்டிவிடும். வேளைக்குச் சாப்பிட்ட பிள்ளைக்குத் தலைக்குள் எரிபொருள் தீர்வதில்லை; குளுக்கோஸுக்கு அங்கே வேலையுமில்லை. 2022இல் பாரிஸ் ஆய்வாளர்கள், ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மனவேலை செய்தவர்களின் முன்மூளையில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். களைப்புக்கு அதுவே முழு விளக்கம் என்று சொல்லவில்லை. ஆனால் சோம்பல் என்று தள்ளிவிட இனி இடமில்லை.

களைத்த பிள்ளையின் நோட்டைத் திறந்து பாருங்கள். மூன்றாம் வரியில் −7 என்று இருப்பது நான்காம் வரியில் +7 ஆகியிருக்கும். முறை தெரியும், சூத்திரம் தெரியும், குறி மட்டும் நழுவிவிட்டது. விரல் ஒரே பத்தியில் மூன்றாம் தடவையாக ஊர்ந்துகொண்டிருக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழும். அந்த நேரத்தில் புத்தகத்தை மூட வைக்க வேண்டும். உங்கள் பக்கமோ இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வைக்கச் சொல்கிறது.

இது முதல் தடவையும் இல்லை. மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுகிறது என்று முன்பு எழுதினீர்கள். தவறு என்று கடிதம் போட்டேன், வெளிவரவில்லை. ஆண்டுதோறும் முடிவு வரும்போது, நான்கு மணி நேரமே தூங்கி முதலிடம் பெற்ற மாணவரின் படம் வருகிறது, பக்கத்திலேயே ஞாபகசக்தி டானிக் விளம்பரம். 2003இல் வெளியான ஆய்வில், 14 நாள் தினமும் நான்கு மணி நேரமே தூங்கியவர்களின் கவனம், இரண்டு இரவு கண்மூடாதவர்களின் நிலைக்கு இறங்கியது. அவர்களோ தங்களுக்குச் சற்றே தூக்கம் வருவதாகத்தான் சொன்னார்கள். தன் களைப்பைத் தானே அறிய முடியாத நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளுவது எப்படி நியாயம்?

கணக்கும் இயற்பியலும் காலையில். ஐம்பது நிமிடம் படித்தால் பத்து நிமிடம் எழுந்து நடக்கட்டும்; கைபேசி அந்தப் பத்து நிமிடத்தைத் தின்றுவிடும், அதுவும் கவனம் கேட்கிற வேலைதான். மதியம் இருபது நிமிடத் தூக்கம் நல்லது. அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்து மந்தத்தோடு எழுவார்கள். காபியின் காஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் மாலை நான்குக்கு மேல் வேண்டாம். நன்றாகத் தூங்கியும் வாரக்கணக்கில் களைப்பு தீராவிட்டால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிட வேண்டும், மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தேர்வு தொடங்குமுன் வரும் இதழில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். அதற்கும் இடமில்லையென்றால், "பாதி சோம்பல்" என்ற அந்த இரண்டு சொற்களை மட்டுமாவது திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை