கொண்டை ஊசி

அன்புள்ள கயல்,

நேற்று நீ போனில் அழுதது மனசை விட்டுப் போகவில்லை. பேச வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வேலைக்கு உள்ளே போகுமுன் மோதிரத்தைக் கழற்றச் சொன்னதற்கு அந்தப் பெண் எல்லோர் முன்னாலும் உன்னைத் திட்டினாள் என்றாய். "நான் சேஃப்டி ஆபீசரா, போலீஸாம்மா?" என்று கேட்டாய்.

நான் போலீஸ்தானே. சித்திரைத் திருவிழா பந்தோபஸ்தில் பெண்கள் வரிசையில் நின்று எத்தனை ஆயிரம் பேரைச் சோதனை போட்டிருப்பேன்! ஒருமுறை என் அம்மா வயதுக் கிழவி ஒருத்தி சுருக்குப்பையை என் கையில் வைத்து, "பாரு தாயி, நல்லாப் பாரு" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் வலி எனக்குத் தெரியும்.

போன வருஷம் நான் இங்கிலாந்துக்கு, உன் லீட்ஸ் ஊருக்கு வந்தபோது, பார்ன்போ பெண்களின் நினைவுக்கல்லைக் காட்டினாயே, நினைவிருக்கிறதா? ஊருக்கு வந்த பிறகு அவர்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

பார்ன்போ என்பது முதல் உலகப்போரில் பீரங்கிக் குண்டுக்குள் வெடிமருந்து அடைத்த ஆலை. ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பெண்கள். உள்ளே போகுமுன் வெளியுடுப்பைக் கழற்றிவிட்டு ஆலை அங்கியும் தொப்பியும் போட வேண்டும். தீப்பெட்டி, சிகரெட், சீப்பு, கொண்டை ஊசி எதுவும் கூடாது. உரசி ஒரு பொறி வந்தால் போதும், மொத்தமும் போய்விடும். அந்த மருந்து பட்டுப் பட்டு உடம்பு மஞ்சளாகிவிடும். நம் ஊரில் மஞ்சள் பூசினால் மங்களம். அவர்களுக்கு அது ஈரலுக்குள் இறங்கிய விஷம். குடிக்கப் பால் கொடுத்தார்களாம், அதற்காக ஆலையே மாட்டுப்பண்ணை வைத்திருந்ததாம்.

இப்படி மருந்து அடைத்த ஆலைகளின் வாசலில் நின்று சோதனை போட்டதும் பெண்கள்தான். 1916-ல் அரசாங்கமே பெண் போலீஸ் அமைப்பிடம் ஆள் கேட்டு வாங்கி அங்கே நிறுத்தியது. அதற்கு முந்தின வருஷம்தான் கிராந்தம் ஊரில் ஈடித் ஸ்மித் என்ற பெண்ணுக்கு, கைது செய்யும் அதிகாரத்தோடு போலீஸ் வேலை கிடைத்திருந்தது. ஓய்வே இல்லாமல் உழைத்து, 1918-ல் உடம்பு முடியாமல் விலகினார். அவர் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது.

1916 டிசம்பர் 5 ராத்திரி பத்து மணிக்கு மேல், பார்ன்போவில் இரவு ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு குண்டு வெடித்தது. 35 பெண்கள் செத்துப்போனார்கள். கழுத்தில் கிடந்த அடையாளத் தகட்டை வைத்துத்தான் சிலரை யாரென்று கண்டுபிடித்தார்கள். போர்க்காலம் என்று செய்தியை மூடி மறைத்தார்கள். சில மணி நேரத்தில் அதே அறையில் வேலை தொடங்கியது. அதற்கும் பெண்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை, கயல்.

சோதனை போட்டும் வெடித்துவிட்டதே என்று நீ கேட்பாய். உண்மைதான். மூடியைத் திருகி முடுக்கும்போது ஒரு குண்டு வெடித்தால் வாசலில் நிற்பவள் என்ன செய்வாள்? ஆனால் வாசலிலேயே நின்றுபோன கொண்டை ஊசிகளுக்குக் கணக்கு ஏது? வெடிக்காத ராத்திரியை யாரும் எழுதி வைப்பதில்லை.

போர் முடிந்ததும் இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1918-ல் அங்கே பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது, ஆனால் முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். மருந்து அடைத்த சின்னப் பெண்களுக்கு அது இல்லை. எனக்கு இன்றைக்கும் இதில் ஆத்திரம்தான்.

அந்தப் பெண் கழற்ற மறுத்தது கல்யாண மோதிரமா என்று கேட்டாயா? நாளைக்குக் கேள். கழற்றி வைக்க அவள் பெயர் போட்டு ஒரு சின்ன டப்பா கொடு, சாவி அவளிடமே இருக்கட்டும். நான் அந்தக் கிழவியிடம் ஒரு வார்த்தை பேசாமல் விட்டுவிட்டேன்.

டிசம்பர் 5 அன்று முடிந்தால் அந்தக் கல்லருகே போய்விட்டு வா. மல்லிகை கிடைக்காது, கிடைக்கிற பூவை வை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா