சித்திக்கு ஒரு கடிதம்: அந்த ஒரு வெள்ளி அறுபது காசு

அன்புள்ள சித்தி,

போன வாரம் சுங்கை சிப்புட் டவுன்ல நடந்தத தம்பி போன்ல சொன்னான். பத்து வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கழிவு வவுச்சர கையில வச்சிக்கிட்டு கவுண்டர்ல நின்னீங்களாம், 80 வெள்ளிக்கு வாங்கணும்னு அதுல போட்டிருந்துச்சாம், நீங்களும் மனசுலயே கணக்கு போட்டு 83 வெள்ளி 40 காசுக்கு சாமான் எடுத்திருக்கீங்க, ஆனா அந்தப் பையன் மெஷின்ல தட்டிப் பாத்துட்டு "தாக் போலே ஆன்ட்டி"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளுகிட்ட கைய நீட்டிட்டான். ஏன் முடியாதுன்னு சொல்லவே இல்ல. பின்னால லைன் நீளமா நின்னுச்சுன்னு நீங்களும் கேக்காம கூடைய அப்படியே வச்சிட்டு வந்துட்டீங்க. வீட்டுக்கு வந்து "எனக்குப் படிக்கத் தெரியலடா, இனிமே நீயே போய் வாங்கிட்டு வா"ன்னு தம்பிகிட்ட சொன்னீங்களாமே, அதக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. நேர்ல சொன்னா பேச்ச மாத்திருவீங்க, அதான் எழுதுறேன். வவுச்சர்லயும் ஆஃபர்லயும் வர்ற சின்ன எழுத்தயும் சுருக்கெழுத்தயும் பாத்து கவுண்டர்ல வாயடைச்சி நிக்கிறவங்க நம்ம ஆளுங்கள்ல நிறைய பேர் இருக்காங்க, அவங்களும் படிக்கட்டுமேன்னுதான் எல்லாருக்கும் தெரியிற மாதிரி போடுறேன்.

அந்த வவுச்சர தம்பிய படம் புடிச்சி அனுப்பச் சொன்னேன். பெருசு பண்ணிப் பாத்தா, கடைசி வரியில எறும்பு மாதிரி எழுத்துல, பாராங் காவாலான் சேராதுன்னு மலாய்ல போட்டிருக்கு. அதாவது அரசாங்கம் விலை கட்டி வச்சிருக்கிற சாமான் அந்த 80 வெள்ளி கணக்குல வராது. நீங்க எடுத்ததுல ஒரு கிலோ எண்ணெய் பாக்கெட் ரெண்டு, பாக்கெட் 2 வெள்ளி 50 காசு. அந்த அஞ்சு வெள்ளிய கழிச்சா 78 வெள்ளி 40 காசு. குறைஞ்சது வெறும் ஒரு வெள்ளி அறுபது காசு சித்தி. ஒரு கட்டி சவர்க்காரம் சேத்து வச்சிருந்தா பத்து வெள்ளி கழிஞ்சிருக்கும். இத ஒரு வார்த்தையில சொல்லியிருக்கலாம் அந்தப் பையன். சொல்லாதது அவன் தப்பு, உங்க தப்பு இல்ல.

உங்களுக்கா படிக்கத் தெரியாது? தோட்டத்துக் கடையில பாட்டிக்கு 555 புக்குல கடன் எழுதுவாங்களே, அத மாசக் கடைசியில பிரிச்சி வச்சி சரி பாக்குறது பன்னெண்டு வயசுல நீங்கதானாமே, அம்மா எத்தன தடவ சொல்லியிருக்காங்க. 'அ 5 கா'ன்னா அரிசி அஞ்சு காட்டி (அந்தக் கால எடை), 'சீ'ன்னா சீனி, 'ம'ன்னா மஞ்சள். அந்த மாசம் 'பா 2'ன்னு எழுதியிருந்தத நீங்க புடிச்சீங்களாமே, "ப-வுக்கு கால் போட்டா பால் டின்னு, போடலன்னா பருப்பு, நாங்க வாங்குனது பருப்பு, கால வெட்டுங்க"ன்னு கடைக்காரர்கிட்டயே போய் நின்னு காச திருப்பி வாங்கிட்டு வந்தீங்களாமே. அதேதான் இதுவும். எழுத்துதான் வேற.

ஒரு எழுத்து மாறுனா என்ன ஆகும்னு பாருங்க. கடை விளம்பரத்துல ஜிடபிள்யூபி (GWP), பிடபிள்யூபின்னு (PWP) ரெண்டு வரும். முதல்ல சொன்னது கிஃப்ட், அதாவது இத வாங்குனா அது சும்மா. ரெண்டாவது பர்ச்சேஸ், இத வாங்குனா அதயும் குறைஞ்ச விலையில காசு குடுத்து வாங்கிக்கலாம். தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கிற டப்பா சும்மா வருதுன்னு நெனச்சி எடுத்துட்டு பில்லுல 15 வெள்ளி ஏறியிருந்துச்சே, அது பிடபிள்யூபி. அப்புறம் யூபி. அத அப்புன்னு படிச்சிட்டு விலை ஏறிருச்சுன்னு சொன்னீங்க, இல்ல சித்தி, அது யூஷுவல் பிரைஸ், வழக்கமா விக்கிற விலை. பக்கத்துல பெருசா போட்டிருக்கிறதுதான் இன்னிக்கு விலை. டபிள்யூஎம்னா இங்க தீபகற்பத்து விலை, ஈஎம்னா சபா சரவாக் விலை, மிரியில இருக்கிற அண்ணனுக்கு ஏதாச்சும் அனுப்புனா இத பாக்கணும், தபால் செலவும் அங்க கூட. ரெண்டாவது பாதி விலைன்னு போட்டா 50 பர்சென்ட் கழிவுன்னு நெனச்சிராதீங்க, ரெண்டும் ஒரே விலையா இருந்தா மொத்தத்துல கால்வாசிதான் குறையும்.

ராத்திரியில நீங்க பாக்குறீங்களே அமெரிக்கா கூப்பன் வீடியோ, வண்டி நிறைய சாமான எடுத்துட்டு ரெண்டு டாலர் கட்டிட்டு போறாங்களே, அதப் பத்தியும் சொல்லணும். அந்த ஊர் முறையே வேற. அங்க சோப்பு கம்பெனி, சீரியல் கம்பெனியெல்லாம் பேப்பர்ல கூப்பன் போடுவாங்க, கடைக்காரர் அந்த கூப்பன வாங்கி கம்பெனிக்கு அனுப்புனா அந்தத் தொகையும் அதுக்கு மேல கூப்பனுக்கு 8 சென்ட் கூலியும் திரும்ப வரும்னு அதுலயே அச்சடிச்சிருக்கும், அதனால கடைக்காரருக்கு நஷ்டம் இல்ல. எம்கியூன்னா கம்பெனி கூப்பன், அதுக்கு மேல கடையோட சொந்த கூப்பனயும் ஒரே சாமானுக்கு வைக்கிறதுதான் ஸ்டாக்கிங். போகோன்னா ஒண்ணு வாங்குனா ஒண்ணு சும்மா. கூப்பன் தொகைய ரெட்டிப்பாக்குற கடையும் உண்டு, அந்தக் கூடுதல் கடையோட செலவு. அதுக்கு ஒத்துக்காத கூப்பன்ல டிஎன்டின்னு இருக்கும், ரெட்டிப்பாக்காதேன்னு அர்த்தம். ஒய்எம்எம்வின்னு சொன்னா இந்தக் கடையில நடந்தது உங்க கடையில நடக்கும்னு சொல்ல முடியாதுன்னு அர்த்தம். நம்ம ஊர் பேப்பர்ல ஞாயித்துக்கிழம அப்படி கத்தை கத்தையா கூப்பன் வர்றதில்ல, அதனால அந்தம்மா மாதிரி நம்மளால பண்ண முடியலயேன்னு கவலப்படாதீங்க. அவங்க சொல்றதுல ஒண்ணே ஒண்ண மட்டும் எடுத்துக்கங்க, ஓஓபி. எல்லா கழிவும் போக கையில இருந்து எவ்வளவு காசு போகுது, அவ்வளவுதான். நான் எந்த ஆஃபரப் பாத்தாலும் மொதல்ல அதத்தான் பாப்பேன்.

போன்ல வாங்குறப்போ இது ரொம்ப முக்கியம். 20 பர்சென்ட் கழிவு, மின் ஸ்பெண்ட் 40 வெள்ளி, கேப் 8 வெள்ளின்னு வருதே, மின் ஸ்பெண்ட்னா குறைஞ்சது அவ்வளவுக்கு வாங்கணும், கேப்னா எவ்வளவு வாங்குனாலும் கழிவு அதுக்கு மேல போகாது. 100 வெள்ளிக்கு வாங்குனா 20 வெள்ளி கழியும்னு பாத்தா கழியாது, எட்டு வெள்ளிதான். 40 வெள்ளிக்கு வாங்குனாலும் அதே எட்டு. அப்ப 40-லயே நிறுத்திக்கிட்டா கழிவு முழுசா கிடைச்சிரும், அதுக்கு மேல எடுக்குறதெல்லாம் முழு விலைதான். இந்த ஒரு கணக்கு தெரியாமத்தான் எங்க ஆபிஸ்ல படிச்சவங்களே கூடைய நிரப்பிக்கிட்டு இருக்காங்க. 11.11ங்கிறது சீனாவுல அலிபாபா 2009-ல ஆரம்பிச்ச நவம்பர் 11-ஆம் தேதி விற்பனை, இப்ப இங்க 9.9, 10.10, 12.12ன்னு மாசத்துக்கு ஒண்ணு வருது, அதனால இன்னிக்கு விட்டா போச்சுன்னு பதற வேணாம். பில்லுல எல்விஜின்னு வந்தா, வெளிநாட்டுல இருந்து வர்ற 500 வெள்ளி வரைக்குமான சாமானுக்கு 2024 ஜனவரியில இருந்து போடுற 10 பர்சென்ட் வரி. அதயும் சேத்துத்தான் ஓஓபி பாக்கணும்.

அப்புறம் கவுண்டர்ல தாக் போலேன்னு சொன்னா, எந்தச் சாமான் சேரலன்னு கேளுங்க. லைன் நிக்கட்டும் சித்தி. உங்க காசு அது, சித்தப்பா செம்பனை குலை வெட்டி சம்பாரிச்ச காசு.

வவுச்சர் 30-ஆம் தேதி வரைக்கும் செல்லும், படத்துல பாத்தேன், கிழிச்சிப் போட்டுறாதீங்க. நான் சனிக்கிழம மதியம் பஸ்ஸுல வர்றேன். அதே கடைக்கே போவோம். எண்ணெய் பாக்கெட்ட தனியா ஒரு பக்கம் வச்சிட்டு மத்தத நீங்களே கூட்டிக்கிட்டு வாங்க, நான் பக்கத்துல சும்மா நிக்கிறேன்.

உங்க அக்கா மக