அந்த அலறல் பேயுடையது இல்லை, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

மலேசியாவில், பேராக் மாநிலத்துப் பத்து காஜாவிலிருந்து அத்தை எழுதுகிறேன். நீ இங்கே பாதியில் நின்றுபோன கெல்லிஸ் காசல் மாளிகையில் எடுத்துப் போட்ட வீடியோவை அண்ணி எனக்கு அனுப்பியிருந்தார்கள். கடையை மூடி, பானை சட்டியெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்தேன். நன்றாகத்தான் எடுத்திருக்கிறாய். அந்த வளைவுகளுக்கு உள்ளே சாயங்கால வெயில் விழுகிற இடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் நான்காவது நிமிடத்தில், பொழுது சாய்கிற நேரத்தில், மேலே எங்கேயோ ஓர் அலறல் கேட்கிறது, நீங்கள் நாலு பேரும் விழுந்தடித்துக்கொண்டு படி இறங்குகிறீர்கள், கீழே "பேய் மாளிகை" என்று எழுத்து வருகிறது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. போனில் சொன்னால் "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதமாகவே எழுதுகிறேன்.

அது கூகை, மருமகனே. ஆந்தையில் ஒரு வகை. வெள்ளை முகம், இதயம் வரைந்த மாதிரி வடிவம், கறுப்புக் கண். மற்ற ஆந்தை மாதிரி இது குடுகுடு என்று கூவாது, துணியை நீளமாகக் கிழிக்கிற மாதிரி ஒரு கீச்சல் போடும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தோட்டம் தொடங்குகிற இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது சேவல் கூவுகிற மாதிரி பழகிவிட்டது.

ரப்பர் இருந்த காலத்தில் இந்தப் பறவையை நான் பார்த்த நினைவே இல்லை. ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், பழக்குலையைத் தின்ன எலி வந்தது, எலியைத் தின்னக் கூகை வந்தது. தோட்டத்துக்காரர்களே கம்பத்தின் மேல் மரப்பெட்டி செய்து வைத்துக் கூப்பிட்டார்கள். நீ காரில் போகும்போது செம்பனை வரிசைக்கு நடுவே புறாக்கூண்டு மாதிரி ஒன்று தனியாக நிற்பதைப் பார்த்திருப்பாய், அது கூகைக்குக் கட்டிக் கொடுத்த வீடு. ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளுமாகச் சேர்ந்து வருஷத்துக்கு 1,000 எலிக்கு மேல் தின்றுவிடும். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று உப்பை அள்ளி அடுப்பில் போட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். அதனால் முதலில் எனக்கும் பயம்தான். அப்புறம் ஒரு நாள் காலையில் அந்தப் பெட்டிக்குக் கீழே புல்லில் கறுப்பாக, கட்டைவிரல் அளவு உருண்டை ஒன்று கிடந்தது. கூகை எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாக்கி வாயால் கக்கிவிடும். அதை எடுத்துவந்து வெந்நீரில் போட்டுப் பல்குத்தும் குச்சியால் பிரித்தேன். சாம்பல் நிற முடி பஞ்சு மாதிரி மிதந்தது. உள்ளே ஒரு மண்டையோடு, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, ஒரு கீறல்கூட இல்லாமல். முன்பல் இரண்டும் ஆரஞ்சு நிறம். எலிப்பல் அந்த நிறம்தான் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. விலா எலும்பெல்லாம் மீன்முள் மாதிரி மெல்லிசு. வெள்ளைத் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி வைத்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு அரிசி கழுவவே மறந்துவிட்டேன்.

கூகைக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று மேலே ஒன்று கீழே. அந்தக் குழிந்த முகம் சத்தத்தைச் சேர்த்துக் காதுக்கு அனுப்பும். எலி சருகுக்கு அடியில் ஓடினாலும் எங்கே ஓடுகிறது என்று இருட்டில் அதற்குத் தெரிந்துவிடும். இறகு ஓரம் சீப்பு மாதிரி இருப்பதால் பறக்கும்போது சத்தமே வராது. இப்படி ஒரு உயிர் உன் தலைக்கு மேலே இருந்திருக்கிறது, நீ கேமராவை மேலே திருப்பாமல் ஓடிவந்துவிட்டாய்!

சரி, அந்த மாளிகைக்கு வருகிறேன். வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ரப்பரில் பணம் பார்த்தவர், 1915-இல் அதைக் கட்டத் தொடங்கினார். கட்டியவர்கள் யார்? சென்னைப் பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்ட நம் ஆட்கள். செங்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. மின்தூக்கி வைக்கக்கூட இடம் விட்டார்கள், அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் நீ நின்று பேசுகிறாய். பிறகு உலகம் முழுக்கப் பரவிய ஸ்பானிஷ் விஷக்காய்ச்சல் இங்கேயும் வந்து தொழிலாளர்கள் பலர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்கள் துரையிடம் போய், அம்மனுக்கு ஒரு கோயில் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். காய்ச்சலுக்கும் அம்மைக்கும் மாரியம்மனைத் தவிர வேறு யாரிடம் போவது? அவரும் கட்டிக் கொடுத்தார். 1926-இல் துரை லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார், மாளிகை பாதியில் நின்றது, அவர் மனைவி எல்லாவற்றையும் விற்றுவிட்டார்.

அந்தக் கோயில் இன்னும் இருக்கிறது, மருமகனே. மாளிகையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் போல இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் போகவில்லை. அங்கே போய்க் கூரையை அண்ணாந்து பார். சாமி உருவங்களோடு வெள்ளை சூட் போட்டு, தலையில் துரைத் தொப்பி வைத்து ஓர் ஆள் நிற்பார். அது கெல்லி ஸ்மித். நன்றிக்காக வைத்தார்கள் என்பார்கள். நன்றி இருந்திருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அதைச் செய்த கொத்தனாரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். சிங்கமும் மயிலும் தெய்வங்களும் செய்து பழகிய கை, அதுவரை செய்யாத ஒரு சூட்டையும் தொப்பியையும் சுதையில் பிடித்திருக்கிறது. கூலிக்கு வந்தவர்கள், காய்ச்சலில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள், தங்கள் அம்மனின் கூரை மேலே துரையை ஏற்றி நிறுத்தினார்கள். ஆவி கதை சொல்கிற யாரும் இந்த இடத்துக்கு வருவதே இல்லை. அங்கே செத்தவர்களை பயமுறுத்துகிறவர்களாக ஆக்கிவிடுகிறோம், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் நம் முப்பாட்டன் முப்பாட்டி வயதுக்காரர்கள்.

ஒரு விலங்கையோ மனிதனையோ நன்றாகப் பார்த்துச் செய்த உருவத்தின் மேல் எனக்கு எப்போதுமே ஆசை. தமிழ்நாட்டுக்குக் கோயில் சுற்றுலா போனபோது மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன்னால் எங்களை இறக்கிவிட்டார்கள். பல்லவர் காலத்து வேலை, நிஜ யானை அளவுக்கு யானைகள், எல்லோரும் அதற்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். நான் யானைக்குக் கீழே ஒரு பூனையைப் பார்த்தேன். முன்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். அந்தப் பூனையின் வயிறு உள்ளே ஒட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தால், செதுக்கியவர் வீட்டில் கண்டிப்பாக ஒரு பூனை இருந்திருக்கும். வழிகாட்டி விசில் அடித்துக் கூப்பிடும்வரை அங்கேயே நின்றேன்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஈப்போவுக்குப் பக்கத்தில் தம்புன் இருக்கிறதே, பம்பளிமாஸ் வாங்கப் போவோமே, அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் மலையின் சுவரில் வரலாறு எழுதுவதற்கு முந்தைய காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. 1959-இல் கூர்க்கா படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி தற்செயலாகப் பார்த்திருக்கிறார். 600க்கும் மேற்பட்ட உருவங்கள், எல்லாம் செங்காவிக் கல்லைக் குழைத்து வரைந்த சிவப்பு. மான் இருக்கிறது, கடற்பசு மாதிரி ஒன்று இருக்கிறது. கடற்பசு என்றால் நம் ராமநாதபுரம் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்பார்களே, அது. மலையடிவாரத்தில் நின்றால் சுற்றிலும் பாறையும் மரமும்தான், கடல் எங்கேயோ மேற்கே இருக்கிறது. கடலைப் பார்த்தவர் ஒருவர் இவ்வளவு தூரம் நடந்து வந்து அந்த உடம்பின் வளைவை நினைவிலிருந்து வரைந்திருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். காலை வெயிலில் போனால் கோடு நன்றாகத் தெரியும். யாரோ சிலர் தங்கள் பெயரையும் அங்கே கிறுக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தால் உனக்கும் கோபம் வரும்.

இப்போது சாப்பாடு. வீடியோவில் ஒரு இடத்தில் உன் நண்பன் "இந்த ஊரில் சாப்பிட என்ன இருக்கிறது" என்று கேட்கிறான், நீயும் சிரிக்கிறாய். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிறவளின் மருமகன் நீ!

ரப்பர் கொட்டையை நீ கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாயா? வெயில் காலத்தில் காய் பட்டென்று வெடித்து மூன்று கொட்டை மூன்று பக்கம் தெறிக்கும். பளபளவென்று, பழுப்பில் புள்ளி போட்டது. நாங்கள் இருந்த தோட்டத்து வரிசை வீடான லயத்துத் திண்ணை சிமெண்டில் அதை வேகமாகத் தேய்த்துச் சூடாக்கி உன் அப்பா என் கையில் வைத்துவிட்டு ஓடுவார், சுரீர் என்று இருக்கும். எங்களுக்கு அது விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான். பச்சையாகத் தின்றால் விஷம், அதில் சயனைடு உண்டாகும் பொருள் இருக்கிறது என்பதால் யாரும் வாயில் வைக்க விடமாட்டார்கள். ஆனால் பகாங் மாநிலத்தில், தெமெர்லோ பக்கத்து மலாய்க்காரர்கள் அதையே வேகவைத்து, ஊறவைத்து, புளிக்கவைத்து "ஆசாம் ரோங்" என்று கறுப்பாக ஒரு விழுது செய்கிறார்கள், ஆற்று மீனோடு குழம்பு வைப்பார்கள். அங்கிருந்து வந்த ஒரு அக்கா எனக்கு ஒரு டப்பா கொடுத்தார். திறந்ததும் கனமான ஒரு வாடை. வாயில் வைத்தால் புளிப்பு, அடியில் கொஞ்சம் எண்ணெய்க் கசப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் வறுத்த கொட்டையின் ருசி நிற்கிறது. முப்பது வருஷம் பாலுக்காக அந்த மரத்தைச் சீவின என் அம்மா அதன் கொட்டையில் குழம்பு உண்டு என்று தெரியாமலே போய்விட்டார். அதை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ மட்டும் வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று தொடங்கிவிடாதே, பதம் தெரிந்தவர்கள் கையால்தான் சாப்பிட வேண்டும்.

தெம்போயாக் பயமில்லாதது, அது நானே போடுவேன். நன்றாகப் பழுத்த டுரியான் சுளையை வழித்து, கொஞ்சம் உப்பு போட்டு, கண்ணாடி ஜாடியில் இறுக்கி மூடி வைத்தால் சில நாளில் புளித்துவிடும். நெத்திலியும் சிலி பாடி என்கிற குட்டி மிளகாயும் இடித்து அதோடு வதக்கினால் ஒரு தட்டுச் சோறு போதாது. பெத்தாய் என்கிற வாடையடிக்கும் பச்சைக் கொட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம், அடுத்த நாள் பஸ்ஸில் யாரும் உன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள், பரவாயில்லை.

இன்னொரு வீடு. இங்கிருந்து ஈப்போ போகிற வழியில் பாப்பான் என்று ஒரு பழைய ஈயச் சுரங்க ஊர் இருக்கிறது, பாதிக் கடைவீட்டுச் சுவரில் ஆலமரம் வேர்விட்டிருக்கும். சுமத்ராவிலிருந்து வந்த ராஜா பிலா 1896-இல் கட்டிய பெரிய வீடும் அங்கேதான். நான் சொல்லவந்தது 74-ஆம் எண் கடைவீடு. ஜப்பான்காரன் காலத்தில் சிபில் கார்த்திகேசு அம்மா அங்கே மருந்தகம் நடத்தினார். அவர் கணவர் டாக்டர், இலங்கைத் தமிழர் வழிவந்தவர். காட்டில் ஜப்பானியரை எதிர்த்துச் சண்டை போட்டவர்களுக்கு ராத்திரியில் ரகசியமாக வைத்தியம் பார்த்திருக்கிறார்கள், ரேடியோவை ஒளித்துவைத்து பிபிசி கேட்டிருக்கிறார்கள். 1943-இல் அந்த அம்மா பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார், யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள், ஆனால் உடம்பு தேறவே இல்லை, 1948-இல் போய்விட்டார். அந்த வீட்டின் மரப்படியில் கை வைத்தால் எனக்கு மயிர் சிலிர்க்கும். அதற்கு இருட்டோ இசையோ தேவைப்படவில்லை, பட்டப்பகல் பதினோரு மணிக்குத்தான் நான் போனேன்.

நாங்கள் பிறந்த லயம் இப்போது இல்லை. அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. வரிசைக்கு நடுவே ஒரு திண்ணையின் சிமெண்டு மட்டும் பாசி பிடித்துக் கிடக்கிறது. உன் அப்பா கொட்டை தேய்த்த திண்ணையா, பக்கத்து வீட்டுத் திண்ணையா என்பதில் எனக்கும் உன் அப்பாவுக்கும் இன்னும் சண்டை. அதற்கு நாற்பது அடி தள்ளித்தான் நான் சொன்ன கூகைப் பெட்டி.

இந்த மாசக் கடைசியில் சனிக்கிழமை வந்துவிடு. அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வா, படுக்கப் பாய் இருக்கிறது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் தம்புன், மத்தியானம் பாப்பான், சாயங்காலம் கோயில். சாப்பாட்டுக்கு வெளியில் எங்கேயும் நிற்கவேண்டாம், ஜாடியைப் போன வெள்ளிக்கிழமையே மூடி வைத்துவிட்டேன். கேமராவுக்கு நீளமான லென்ஸ் இருந்தால் எடுத்து வா, கூரை மேலே துரை முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும், என் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கூகை ஏழரை மணிக்கு மேல்தான் பெட்டியைவிட்டு வெளியே வரும். புல்லில் உட்கார வேண்டியிருக்கும், நீளக் காற்சட்டை போட்டுக்கொள், அங்கே அட்டை உண்டு.

அன்புடன்,
அத்தை