‘தி போஸ்ட்’ பார்ப்பதற்கு முன்

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்பீல்பெர்க்கின் ‘தி போஸ்ட்’ (2017) பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். நிருபர்கள் துப்பு துலக்கும் படம் என்று நினைத்து உட்காராதே. சண்டை நடப்பது வக்கீல்களையும் பங்குச் சந்தையையும் சுற்றித்தான்.

தேதிகளை மட்டும் மனதில் வைத்துக்கொள். வியட்நாம் போர் பற்றிய அமெரிக்க அரசின் ரகசிய ஆய்வான பென்டகன் ஆவணங்களை 1971 ஜூன் 13 அன்று முதலில் வெளியிட்டது நியூயார்க் டைம்ஸ். 15ஆம் தேதி நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அதே 15ஆம் தேதிதான் வாஷிங்டன் போஸ்ட் கம்பெனியின் பங்குகள் விற்பனைக்கு வந்தன. போஸ்ட்டும் அதே ஆவணங்களை வெளியிட்டு வழக்கு வந்தால் முதலீட்டாளர்கள் பின்வாங்கலாம். தண்டனையே கிடைத்தால் கம்பெனி கையிலிருந்த டிவி நிலையங்களின் உரிமமும் போகலாம். போஸ்ட்டின் வெளியீட்டாளர் கேத்தரின் கிரஹாம் தயங்கியது இதற்காகத்தான். கோழைத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதே.

போஸ்ட்டின் ஆசிரியர் பிராட்லீ வீட்டுக் கூடத்தில் அந்த ஆவணத் தாள்களைக் கொட்டும் காட்சியை நன்றாகக் கவனி. கசியவிட்டவர் ‘மிக ரகசியம்’ முத்திரையை வெட்டியெறிந்தபோது பக்க எண்களும் சேர்ந்து போய்விட்டன. எது எதற்குப் பின் வரும் என்று படித்துப் படித்துத்தான் அடுக்க வேண்டும். டைம்ஸ் மூன்று மாதம் பார்த்த வேலையை இவர்கள் ஒரே நாளில் முடிக்கப் பார்க்கிறார்கள். (அந்த மூன்று மாத உழைப்பைப் படம் ஓரங்கட்டிவிட்டது, எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.)

அடுத்து அந்தத் தொலைபேசி உரையாடல். ஒரே இணைப்பில் பலர் இருக்கிறார்கள். கிரஹாம் பெரிதும் நம்பும் கம்பெனித் தலைவர் ஃப்ரிட்ஸ் பீபி, தானாக இருந்தால் வெளியிட மாட்டேன் என்கிறார். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை. அந்தக் குரலின் இழுப்பில்தான் கிரஹாமுக்கு வழி கிடைக்கிறது.

அச்சுக்கூடக் காட்சி வரும்போது செல்போனை எடுக்காதே. எழுத்துகளை வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரத்தில் தட்டத் தட்டப் பித்தளை அச்சுகள் வரிசையாக விழும். உருகிய ஈயக் கலவை பாய்ந்து ஒரு முழு வரி வார்ப்பாக வெளியே வரும். ஒரே ஒரு எழுத்து தப்பினாலும் வரி முழுவதையும் மறுபடி வார்க்க வேண்டும். மேலே வக்கீல்கள் இழுத்தடிக்க, கீழே ஆட்கள் ஏன் அப்படித் தவிக்கிறார்கள் என்பது இது தெரிந்தால்தான் விளங்கும். அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியதும் ஆசிரியர் குழுவின் மேஜைகள் அதிர்வதைப் பார்.

முடிவில் படம் கொஞ்சம் அவசரப்படுகிறது. ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6-3 என்று பத்திரிகைகள் பக்கம் நின்றது உண்மை. ஆனால் ஒன்பது நீதிபதிகளும் ஆளுக்கொரு கருத்து எழுதினார்கள். தடை கேட்கும் அளவுக்கு அரசு காரணம் காட்டவில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். வெளியிட்ட பிறகு வழக்குப் போடலாமா என்ற கதவை அது முழுக்கச் சாத்தவில்லை. சில நீதிபதிகள் அதை வெளிப்படையாகவே எழுதினார்கள். படத்தின் கைதட்டலில் அது காதில் விழாது.

பார்த்துவிட்டு, பீபி சொன்ன அந்த ஒரு வரி உனக்கு எப்படிப் பட்டது என்று எழுது.

அன்புடன்,
ரவி