எலோயீஸை நாம் பார்க்கவே இல்லை

அன்புள்ள பீன்போல்,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. மேசை இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் மேலாக அதுதான் கிடக்கிறது, உன் கையெழுத்து என்னை முறைக்கிறது. மன்னித்துவிடு. அப்பாவுக்கு முழங்கால் தேவலை, தானே எழுந்து நடக்கிறார். எனக்கு வேலை அப்படியேதான் போகிறது. உன் இடமாற்றம் என்ன ஆயிற்று என்று மறக்காமல் எழுது. நாம் ஜாக் என்று கூப்பிடும் நம் தோழியைப் போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அதே ஜாக். உன்னைக் கேட்டாள், பதிலைக் கேட்கும் முன் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். இதற்கு மேல் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். என் சின்னவள் ஜான் கிறிஸ்டோபரின் முக்காலிகள் வரிசையைப் படித்தாள், நீயும் நானும் பெயர் எடுத்துக்கொண்ட அதே மூன்று நாவல்கள். இரண்டாவது புத்தகத்தோடு நிறுத்திவிட்டாள். ஒன்பது நாளாக மூன்றாவதைத் தொடவில்லை. காரணத்தைக் கேட்டதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் ஒப்பந்தப்படி 13 வயது முடியும்வரை கொடுக்கவில்லை. முக்காலி இயந்திரங்கள் பிள்ளைகளின் தலையில் மனதை அடக்கும் உலோகத் தொப்பி மாட்டும் வயது நெருங்கும்போது படித்தால்தான் அந்தப் பயம் உடம்பில் ஏறும் என்று சொன்னவள் நீ. சரியாகத்தான் சொன்னாய். முதல் புத்தகம் 'தி ஒயிட் மவுண்டன்ஸ்' இரண்டே நாளில் முடிந்தது. சிரித்துக்கொண்டு விளையாடிய அந்த ஜாக், முக்காலியின் உள்ளே போய், தலையில் உலோக வலையோடு வெளியே வந்து, கதைநாயகன் வில்லை ஓர் அந்நியனைப்போலப் பார்க்கிற இடத்தில் இவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? புத்தகம் வேலை செய்கிறது, நமக்குச் செய்ததையே இவளுக்கும் செய்கிறது என்று நினைத்தேன்.

உனக்கு ஒரு வருத்தமான செய்தி: கதையில் வரும் பீன்போலை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தானே கண்ணாடி செய்து மாட்டிக்கொண்டவனை, நீராவியால் வண்டி ஓடும் என்று யோசித்தவனைப் பிடிக்காமல் போகுமா என்று நீ குதிப்பாய். அவளுக்கு வில்லின் உறவுக்காரப் பையன் ஹென்றியைத்தான் பிடித்திருக்கிறது. "வில்லுக்கு அவனைக் கண்டாலே ஆகாது, இருந்தும் அவன் கூடவே நடக்கிறான்" என்றாள். நாம் இத்தனை வருஷத்தில் ஹென்றிக்கு எப்போதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறோமா? ஹென்றியும் பீன்போலும் நெருங்குவதைப் பார்த்து வில் உள்ளுக்குள் எரிவதை எழுதியதுதான் ஜான் கிறிஸ்டோபரின் பெரிய பலம் என்று இப்போது படிக்கும்போது தோன்றுகிறது. உலகத்தைக் காப்பாற்றப் போகிறவனுக்குப் பொறாமையும் அவசரமும் இருக்கின்றன, அதைப் பூசி மறைக்கவில்லை. 1967-ல் சிறுவர்களுக்கு எழுதும்போதே அந்த நேர்மை இருந்திருக்கிறது.

சரி, இரண்டாவது புத்தகத்துக்கு வருகிறேன். 'தி சிட்டி ஆஃப் கோல்ட் அண்ட் லெட்'. முக்காலிகளை ஓட்டும் எஜமானர்கள் வாழும், ஈய எடை அழுத்துகிற அந்த நகரம், முகமூடி, பச்சைக் காற்று, ஓரிரு வருஷத்தில் தேய்ந்து சாகிற அடிமைகள், எல்லாவற்றையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தாள். வில்லோடு உளவுக்குப் போன ஃபிரிட்ஸின் எஜமான் அவனை அடிக்கிறான், வில்லின் எஜமான் செல்லம் கொடுக்கிறான். "அடிக்கிறவனை வெறுப்பது சுலபம், செல்லம் கொடுக்கிறவனைத்தான் கஷ்டம்" என்று சாப்பிடும்போது தானாகச் சொன்னாள். நான் அசந்துபோனேன். நாம் அந்த வயதில் இதைச் சொல்லியிருப்போமா?

அன்று இரவே என் அறைக்கதவைத் தட்டினாள். கையில் புத்தகம். முதல் புத்தகத்தில் வில்லின் மனதைக் கவர்ந்த எலோயீஸ் செத்துக் கிடக்கும் அழகிகளின் பிரமிடு வரும் பக்கத்தில் விரல்.

"அம்மா, எலோயீஸைக் காட்சிப் பொருளாக வைத்திருக்கிறார்கள்."

"ஆமாம் கண்ணு. அந்த இடம் எனக்கும் தாங்காது" என்றேன். வில்லின் துக்கத்தைப் பற்றித்தான் அழ வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"இந்த இரண்டு புத்தகத்திலும் எனக்குப் பெயர் ஞாபகம் இருக்கும் பெண் இவள் ஒருத்திதான். இவளையும் கொன்று பெட்டியில் வைத்துவிட்டார்கள். முக்காலிகளை எதிர்த்து மலையில் இருக்கிற சுதந்திர மனிதர்களில் ஒரு பெண்கூட ஏன் இல்லை? நீ ஏழு தடவை படித்தாயே, உனக்கு இது தெரியவில்லையா?"

பீன்போல், எனக்குப் பதில் வரவில்லை. தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

அவள் தூங்கிய பிறகு இரண்டு புத்தகத்தையும் எடுத்து விடியும்வரை புரட்டினேன். திட்டம் போடுகிற, உளவுக்குப் போகிற, சுவரேறிக் குதிக்கிற பெண் ஒருத்தியாவது எங்காவது நின்றுகொண்டிருப்பாள், நான்தான் மறந்துவிட்டேன் என்ற நம்பிக்கையோடு தேடினேன். கண்ணில் படவில்லை. அப்போதுதான் நம்மை நினைத்தேன். பள்ளி மைதானத்துச் சுவருக்குப் பின்னால் நான் வில், நீ பீன்போல், அடுத்த பிரிவில் இருந்த அந்தப் பாவப்பட்டவள் ஃபிரிட்ஸ். நாம் மூன்று பேரும் பெண்கள். எலோயீஸாக இருக்க ஒருத்தியும் முன்வரவில்லை, நினைவிருக்கிறதா? வரவும் முடியாது. அவளுக்குச் செய்ய வேலை ஒன்றும் இல்லையே. நாம் பையன்களின் பெயரை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டோம், நுழைந்த வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. இவள் வாசலிலேயே நின்று, இது யாருக்கான வாசல் என்று கேட்கிறாள்.

நீ உடனே அந்தக் காலத்துப் பையன்கள் சாகசக் கதை அப்படித்தான் இருக்கும் என்பாய். நானும் அவளிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். அரைப் பதில்தான் அது, நானே திருப்தியில்லாமல்தான் சொன்னேன். ஆனால் மறுநாள் எலோயீஸ் வரும் அத்தியாயங்களை மறுபடி வரிவரியாகப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. ஆசிரியர் அவளைக் கவனமில்லாமல் எழுதவில்லை. வில் விளையாட்டாக அவள் தலைத்துணியை இழுக்கிறான், வெள்ளி வலை தெரிகிறது. ஏற்கெனவே தொப்பி போட்டவள். அதற்கு முன்னும் பின்னும் அவள் ஒரே எலோயீஸ்தான், அன்பானவள், சிரிக்கிறவள். பிறகு போட்டிகளின் ராணியாகத் தேர்வாகி, முக்காலிகளுக்குச் சேவை செய்ய நகரத்துக்குப் போகப்போகிறேன் என்று ஆனந்தமாக வந்து சொல்கிறாள். மூன்று புத்தகத்திலும் என்னை மிகவும் நடுங்கவைப்பது அந்த ஆனந்தம்தான். பிரமிடு அதற்குப் பிறகு வருகிற கணக்கு. இதை நான் 14 வயதில் பார்க்கவில்லை. அப்போது எனக்கு எலோயீஸ் செத்தது வில்லுக்குக் கோபம் வருவதற்காக. இப்போது அவளுக்காகவே நெஞ்சு அடைக்கிறது.

இதைச் சின்னவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள் பார் ஒரு கேள்வி: "தொப்பி போட்ட பிறகும் அவள் வில்லிடம் அன்பாக இருந்தாளே, அந்த அன்பு யாருடையது? அவளுடையதா, தொப்பியுடையதா?"

இதைத்தான் ஒன்பது நாளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். வில்லின் அம்மாவுக்கும் தொப்பி உண்டு. அப்பாவுக்கும் உண்டு. ஊரில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் உண்டு. அவர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறார்கள், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், கடைசியில் நல்ல உடை உடுத்தி, விருந்து வைத்து, முக்காலியின் கையில் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். வஞ்சகம் இல்லை, பயம்கூட இல்லை. பிள்ளைக்கு நல்லது நடக்கிறது என்றுதான் முழு மனதோடு நம்புகிறார்கள். அந்த வயதில் நாம் இருவரும் பிள்ளையின் பக்கத்திலிருந்து மட்டும் படித்தோம், ஓடு வில், ஓடு என்று. இப்போது நான் நின்றுகொண்டிருப்பது விருந்து வைக்கிறவர்களின் பக்கத்தில். என் தலையில் எது ஏறியிருக்கிறது, எதை நல்லது என்று நம்பி இவளை எதன் கையில் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? தொப்பி போட்டவர்களுக்குத் தொப்பி கனப்பதே இல்லையே. போன வாரம் அவள் விருப்பத்துக்கு மாறாக ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. நீ இதைப் படித்துவிட்டு என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். யோசித்து எழுது.

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பாய். அன்பு எலோயீஸுடையதுதான் என்றேன். தொப்பி கேள்வி கேட்கும் இடத்தை மட்டும்தான் பறிக்கிறது, மற்றதை விட்டுவைக்கிறது, அதனால்தான் ஊர் ஊராக உலகம் அமைதியாக அடங்கிக் கிடக்கிறது என்றேன். "அப்படியென்றால் இன்னும் மோசம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இனி மூன்றாவது புத்தகம். இங்கேதான் உன் உதவி வேண்டும், இங்கேதான் நம் பழைய சண்டையும் இருக்கிறது. சாராயத்தை இழுக்காதே, தயவுசெய்து. நட்சத்திரம் கடந்து வந்தவர்களை ஒரு வாய் மதுவில் மயக்கி விழவைப்பது வேதியியலுக்கு அவமானம் என்று நீ விடுதி வராந்தாவில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. பிடித்து வைத்த எஜமானிடம் தற்செயலாகத்தான் அது தெரிய வருகிறது. எத்தனை உண்மையான கண்டுபிடிப்புகள் தற்செயலாக வந்திருக்கின்றன என்று உனக்கு நான் பட்டியல் போட வேண்டுமா? அதை விடு. 'தி பூல் ஆஃப் ஃபயர்' முடிவைப் பற்றித்தான் நீயும் நானும் ஒத்துப்போனதே இல்லை. வென்ற பிறகு உலக மாநாட்டில் நாடு நாடாகப் பிரிந்து அடித்துக்கொள்வது கசப்பு, சிறுவர் கதையில் அதற்கு இடமில்லை என்பது உன் கட்சி. 1968-ல் ஒருவர் சிறுவர்களிடம், பகைவன் போனதும் கதை முடிவதில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னாரே, அதற்காகவே அந்தப் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொள்வேன் என்பது என் கட்சி. அதிலிருந்து நான் ஓர் அங்குலம் நகரவில்லை. ஹென்றி பலூனிலிருந்து குதித்து எஜமானர்களின் நகரத்துக் கண்ணாடிக் கூரையின் மேல் வெடிகுண்டைத் தன் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிறகு அந்த மாநாட்டுக் கூச்சல் வருகிறது. அவன் இதற்காகவா செத்தான் என்று வயிறு எரியும். எரிய வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்.

இவளுக்குப் பிடித்தவன் ஹென்றி. அவன் என்ன செய்யப்போகிறான் என்று தெரியாமலே இரண்டாவதோடு நிறுத்தி வைத்திருக்கிறாள். பிபிசி 1984, 85-ல் தொடராக எடுத்தபோதும் இதேதான் நடந்தது. இரண்டு புத்தகத்தோடு நின்றுபோனது, மூன்றாவதை எடுக்கவே இல்லை. அதை மட்டும் பார்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் ஹென்றியின் கதை பாதியிலேயே நின்றிருக்கும். என் வீட்டிலும் அப்படி ஆகிவிடக் கூடாது.

அவள் கேட்பது ஒன்றுதான். "மூன்றாவதில் பெண் வருகிறாளா? உண்மையைச் சொல்." நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இல்லை என்று சொன்னால் அவள் திறக்க மாட்டாள். என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, சரியா என்று சொல். 1988-ல் வந்த முன்கதை இருக்கிறதே, 'வென் தி ட்ரைபாட்ஸ் கேம்', நீ திரும்பித் தராமல் வைத்துக்கொண்டது. முதலில் வந்த முக்காலியை விமானங்கள் சுலபமாக நொறுக்கிவிடும், பிறகு ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வீடு வீடாக நுழைந்து மனதைப் பிடிக்கும். அதில் கதை சொல்லும் லாரி என்ற பையனின் குட்டித் தங்கை ஏஞ்சலா அந்த நிகழ்ச்சிக்கு அடிமையாகிறாள். பாட்டி மார்த்தா இருக்கிறாள், குடும்பத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுகிறவள். இருபது வருஷம் கழித்து எழுதும்போது வீட்டுக்குள் நடப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். அதை முதலில் கொடுத்துவிட்டு மூன்றாவதைக் கொடுக்கலாமா? அல்லது வரிசையைக் குலைப்பது தப்பா? வரிசை விஷயத்தில் நீ எவ்வளவு பிடிவாதக்காரி என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

எப்படியானாலும் அந்தப் புத்தகத்தை அனுப்பு. பின்னட்டையில் நான் எழுதி வைத்த வரைபடத்தை நீ கிழித்திருந்தால் அதற்கு வேறு கடிதம் வரும்.

இன்னொன்று. அவளுக்குத் தனியாக எழுது. என்னுடைய பதில்கள் எல்லாம் அம்மா சொல்லும் பதிலாக ஆகிவிடுகின்றன. நீயும் பார்க்கவில்லை என்பதை உன் வாயாலேயே சொல், மைதானத்துச் சுவரைப் பற்றிச் சொல், பீன்போலை ஏன் எடுத்தாய் என்று சொல். நேற்று உன் பழைய புகைப்படத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பீன்போல் அத்தை மலைக்குப் போயிருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, அவர்களிடமே கேள் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
வில்