அட்கின் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு

அன்பு நண்பா,

பாப்பா வக்கீலாகப் பதிவு செய்துவிட்டாள் என்று கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். அம்மாவுக்குத்தான் முட்டிவலி, மாடி ஏறுவதில்லை.

அவள் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். லிவர்சிட்ஜ் என்ற பிரிட்டிஷ் வழக்கில், மற்ற நீதிபதிகளோடு ஒத்துப்போகாமல் அட்கின் பிரபு எழுதிய மாறுபட்ட தீர்ப்பைப் படிக்கச் சொல். இஞ்சி பீர் பாட்டிலில் நத்தை கிடந்த வழக்கைக் கல்லூரியிலேயே படித்திருப்பாள். அதுவும் அவர் தீர்ப்புதான். ஆனால் நான் அவரைக் கும்பிடுவது 1941-இல் வந்த அந்த லிவர்சிட்ஜ் தீர்ப்புக்காக.

1867-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் பிறந்தவர். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். வேல்ஸில் அம்மாவழிப் பாட்டி வீட்டில் வளர்ந்தார். 1891-இல் வக்கீல், 1913-இல் நீதிபதி, 1928-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை.

இரண்டாம் உலகப் போர்க்காலம். பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ஆண்டர்சன், லிவர்சிட்ஜ் என்பவரை 18பி என்ற போர்க்கால விதியின் கீழ் விசாரணையில்லாமல் அடைத்துவைத்தார். ஒருவரால் ஆபத்து என்று நம்ப 'நியாயமான காரணம்' இருந்தால் அடைக்கலாம் என்பது விதி. அந்தக் காரணம் என்ன என்று கோர்ட் கேட்கலாமா? அமைச்சர் நல்லெண்ணத்தோடு நம்பினால் போதும் என்றார்கள் நாலு நீதிபதிகள். அட்கின் ஒருவர்தான் மறுத்தார். ஆயுதங்கள் மோதும் ஓசைக்கு நடுவிலும் இந்த நாட்டில் சட்டம் வாய்மூடி இருப்பதில்லை என்று எழுதினார். லண்டன் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்த நேரத்தில் இதை எழுத எத்தனை நெஞ்சுரம் வேண்டும், யோசித்துப் பார்! சொல்லுக்குத் தான் வைத்ததே பொருள் என்று ஆலிஸ் கதையில் சாதிக்கும் ஹம்ப்டி டம்ப்டியையும் தீர்ப்பில் மேற்கோள் காட்டியிருந்தார். அந்தப் பகுதியை எடுத்துவிடலாமே என்று அன்று நீதித்துறைக்குத் தலைவராக இருந்த லார்டு சான்சலர் சைமனே கடிதம் எழுதினார். அட்கின் எடுக்கவில்லை. பெரும்பான்மைத் தரப்பில் இருந்த மாம் பிரபு 'தி டைம்ஸ்' பத்திரிகைக்கே எழுதி அவரைக் கண்டித்தார்.

1944-இல் அட்கின் இறந்தார். இலங்கை ஜவுளி வியாபாரி ஒருவரின் லைசென்ஸ் வழக்கில், 'நியாயமான காரணம்' போன்ற சொற்களுக்கு லிவர்சிட்ஜ் வழக்கில் தந்த பொருளை எல்லா இடத்திலும் கொள்ள வேண்டியதில்லை என்றது, காலனி நாடுகளின் மேல்முறையீடுகளைக் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில். 1979-இல் பிரபுக்கள் சபை நீதிபதி டிப்லாக் பிரபு, அன்றைய பெரும்பான்மை தவறு என்றே சொல்லிவிட்டார். நம் நாட்டிலும் 1976-இல் நெருக்கடிநிலைக் காவல் வழக்கில் நாலு பேர் ஒரு பக்கம், நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மறுபக்கம். பாப்பா இரண்டு மாறுபட்ட தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்கட்டும்.

நான் பென்சிலில் குறித்துவைத்த நகலைக் கூரியரில் அனுப்புகிறேன். படித்ததும் எனக்குப் போன் செய்யச் சொல். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்