ஒரு மழை கழியட்டும் என்றவர்களுக்கு

கடந்த மாசி மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் வாடகைக்கு வீடு பார்த்துக் குடிவந்தோம். கல்யாணம் கழிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு அறை, ஒரு அடுக்களை, முன்னால் திண்ணை, பின்னால் கிணறு. உள்ளே இருந்தவை ஒரு பழைய ஃபேனும் சுவரில் மூன்று ஆணியும். அட்வான்ஸ் போக எங்கள் கையில் 70,000 ரூபாய். கட்டில் முதல் கரண்டி வரை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

இப்போது கார்த்திகை. ஆட்கள் வந்தால் உட்கார இடம் இருக்கிறது, படுக்கவும் இடம் இருக்கிறது. கையில் 9,400 ரூபாய் மிச்சமும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் "பரவாயில்லையே, சிக்கனமா செட்டப் பண்ணிட்டீங்களே" என்று எங்களைப் பாராட்டுகிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல். பொருள் தந்தவர்களும் உண்டு. ஆனால் எங்களை அதிகம் காப்பாற்றியவர்கள் "இப்போ வாங்காதே" என்று தடுத்தவர்கள்தான்.

முதலில் வீட்டுக்காரப் பாட்டா. சாவி தந்த அன்றே நீங்கள் சொன்னீர்கள்: "மக்ளே, சாமான் வாங்க ஓடாதீங்க. ஒரு மழை கழியட்டும். எந்தச் சுவரு அழுவுன்னு பாத்துட்டு வாங்குங்க." நாங்கள் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரமே 11,800 ரூபாய்க்குத் துகள்பலகை அலமாரி ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து மேற்குச் சுவரோடு ஒட்டி வைத்தோம். கடையில் வால்நட் நிறம் என்றார்கள். கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது.

மற்ற மாவட்டத்துக்காரர்கள் பலரும் ஐப்பசி மழைக்குத்தான் பெரிதும் காத்திருப்பார்கள். நம் ஊருக்கு இரண்டு மழை. நீங்கள் இடவப்பாதி என்று சொல்கிற மழை வைகாசிப் பாதியில் கடலில் இருந்து நேராக அந்த மேற்குச் சுவரில்தான் வந்து அடித்தது. ஆடி பிறப்பதற்குள் அலமாரியின் அடிப்பலகை தண்ணீரில் போட்ட ரஸ்க் மாதிரி ஊதிவிட்டது. துகள்பலகை என்பது மரத்தூளைப் பசை போட்டு அழுத்தியதுதான். வெட்டின ஓரம் வழியே ஈரம் ஏறினால் தூள் உப்பும். காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அன்றைக்கு நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லாமல் போனதற்குத் தனியாக ஒரு நன்றி, பாட்டா. அது பெரிய மனசு. என் அம்மாவிடம் அது கிடைக்காது.

அடுத்து ஆசாரி மாமா. உங்களைப் பற்றி எழுதினால் மடல் முழுக்க நீங்களே நிறைந்துவிடுவீர்கள். ஊதிய அலமாரியைக் குப்பைக்குப் போடப் போனோம். நீங்கள் கீழ்ப்பகுதியை அறுத்து எறிந்துவிட்டு, நன்றாக இருந்த இரண்டு கதவுகளையும் அடுக்களையில் உயரத்தில் தட்டாக அடித்துத் தந்தீர்கள். மசாலா டப்பாக்கள் இப்போது வால்நட் நிறத்தில்தான் குடியிருக்கின்றன.

கட்டில் கதையும் அப்படித்தான். தக்கலைப் பக்கம் இடித்த ஒரு பழைய ஓட்டு வீட்டுச் சாமானில், பலா இனத்து மரமான அயினியில் செய்த கட்டில் ஒன்று இருப்பதாகச் சொல்லி எங்களைக் கூட்டிப் போனீர்கள். நான் அது வேண்டாம், கறுத்துப் போய்க் கிடக்கிறது என்றேன். நீங்கள் விரல் முட்டியால் தட்டிக் காட்டி, "இதுக்குக் கறையான் பயம் இல்ல, உன் பேரப்பிள்ள படுக்கும்" என்றீர்கள். 8,500 ரூபாய். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் உள்ளே இருந்து தேன் நிறம் வந்தது. அயினிச்சக்கை (அயினிப் பழம்) தின்று வளர்ந்தவள், அந்த மரத்தின் நிறத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் நாங்கள் அதற்கு முன்பே அவசரப்பட்டு 7,200 ரூபாய்க்கு ஒரு தென்னைநார் மெத்தை வாங்கி வைத்திருந்தோம். மெத்தை ஆறரை அடி, கட்டில் ஆறேகால் அடி. கால் பக்கம் மூன்று அங்குலம் நாக்கு மாதிரி தொங்கியது. நீங்கள் சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. அதே அயினியில் மூன்று அங்குலத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் திருகாணி போட்டுச் சேர்த்துத் தந்தீர்கள். கடல் பக்கத்தில் சாதாரண இரும்பு ஆணி ஆகாது. காற்றில் வரும் உப்பு ஆணியின் மேல் உட்கார்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் துரு மரத்தையும் கறையாக்கும் என்று விளக்கியதும் நீங்கள்தான். அதைக் கேட்ட பிறகுதான் இரும்பு புத்தக அலமாரி வாங்கும் எண்ணத்தை விட்டோம். புத்தகங்கள் இன்னும் அட்டைப்பெட்டியில்தான் இருக்கின்றன, சரி, இருக்கட்டும்.

நான் உட்கார்ந்து எழுதும் மேசை ரப்பர் மரம். குலசேகரம் பக்கம் பால் வற்றி வெட்டுகிற மரம். இருபத்தைந்து, முப்பது வருடம் பால் தந்துவிட்டுத்தான் வெட்டுப்படும். மருந்து ஏற்றிக் காயவைத்த பலகையா என்று கேட்டு வாங்கச் சொன்னீர்கள், மாமா. இல்லாவிட்டால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரமே வந்துவிடுமாம். 4,200 ரூபாய்க்கு முடிந்தது. எல்லாச் சாமானுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு அங்குலம் இடைவெளி, கால்களுக்கு அடியில் உடைந்த டைல்ஸ் துண்டு. இந்தப் பாடத்துக்கு நீங்கள் கூலி வாங்கவில்லை.

வெள்ளையடித்த அண்ணனுக்கு: நான் கைபேசியில் படம் காட்டி மயில்கழுத்து நிறம் கேட்டேன். நீங்கள் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு முடியாது என்றீர்கள். ஈரச் சுவரின் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் தோல் உரிவது போல உரியும், சுண்ணாம்பு என்றால் சுவர் மூச்சு விடும் என்றீர்கள். 1,900 ரூபாயில் வீடு வெளுத்தது. கொஞ்ச நாள் எனக்கு வருத்தம்தான். ஐப்பசி மழையில் மறுபக்கத்து வீட்டுச் சுவர் உரிந்ததைப் பார்த்த பிறகு வருத்தம் போய்விட்டது. (அவர்கள் இதைப் படிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.)

எலக்ட்ரீஷியன் தம்பி, பழைய பிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்று அடித்தபோது நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு திறந்து பழகிவிட்டோம். நீதான் சத்தம் போட்டாய். பிளக்கில் மூன்றாவது முனை இருந்தாலும் சுவருக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லை என்று கண்டுபிடித்து, கம்பி இழுத்து, மின்சாரம் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கட் ஆகும் ஆர்சிசிபியும் மாட்டினாய். பாதிச் செலவைப் பாட்டா ஏற்றுக்கொண்டார். பழைய ஃபேன் எழுபது, எண்பது வாட் இழுக்கும், புது வகை முப்பது சொச்சம்தான் என்று சொல்லி ஒன்றை மாற்ற வைத்தாய். இதில் மட்டும் நீ "வாங்கு" என்று சொன்னாய்.

அடுக்களை முழுக்கப் பக்கத்து வீட்டு மைனியின் ராஜ்ஜியம். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் கடை கடையாகக் கூட்டிப் போய், நான் கை வைத்த ஒவ்வொன்றையும் தட்டிவிட்டீர்கள். ஒட்டாத பூச்சு போட்ட மூன்று பாத்திர செட் வேண்டாம், ஒரு இரும்புத் தோசைக்கல் போதும். மண்சட்டி மட்டும் இங்கே வேண்டாம், சுங்கான்கடை ஊரில் வாங்கலாம். அங்கேயும் சட்டியைத் தூக்கிச் சுண்டி, சத்தம் கேட்டுத்தான் எடுத்தீர்கள். இரண்டு நாள் கஞ்சித்தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கின பிறகுதான் அதில் மீன் வைக்க விட்டீர்கள். முதல் குழம்பு சாளை. உப்பு கூடிப்போனது, அதை ஊருக்கெல்லாம் சொன்னதும் நீங்கள்தான், மைனி. உங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பனையோலைக் கடவம் இப்போது எங்கள் அழுக்குத்துணிக் கூடை. நகரத்துக் கடையில் இதே மாதிரி ஒன்றுக்குப் போட்டிருந்த விலையைப் பார்த்து நாம் இரண்டு பேரும் சிரித்தோம் இல்லையா?

அம்மாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவாள். ஆனாலும் சொல்ல வேண்டும். ஜன்னல் திரைக்கு விலை கேட்டு மலைத்து நின்றபோது, ஆச்சியின் ஐந்து பழைய நேரியல்களை (கரை போட்ட மேல்துணி) டிரங்குப் பெட்டியில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். ஓரம் மடித்துக் கம்பி நுழையத் தைத்தால் போதும். சாயங்கால வெயிலில் கரை மட்டும் மின்னுகிறது. ஆச்சி கோயிலுக்குப் போகும்போது உடுத்தது. முதல் நாள் அதைத் தொங்கவிட்டுவிட்டு, என் கணவர் என்னைத் தேடி வரும்வரை அந்த அறையிலேயே நின்றிருந்தேன்.

இன்னும் ஒருவர் பாக்கி. என் கூட வேலை பார்க்கும் அக்கா, "தவணையில் எடுத்துடலாமா?" என்று நான் கேட்ட மூன்று முறையும் பதில் சொல்லாமல் டீ வாங்கித் தந்தார்.

மேற்குச் சுவரில் எந்த இடம் அழும், எது அழாது என்று இரண்டு மழையில் இப்போது தெரிந்துவிட்டது. பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். ஆசாரி மாமா, மிச்சம் 9,400 இருக்கிறது. கிழக்கறையில் அலமாரிக்கு அளவெடுக்க எப்போது வருகிறீர்கள்? வரும்போது டேப் எடுத்துவர வேண்டாம், சித்திரையில் நீங்கள் விட்டுப்போனது இங்கேதான் இருக்கிறது. மைனி, உங்கள் ஏணியை ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கொண்டுவந்து தருகிறோம்.